தோற்றவர்களும் வரலாறுதான்: மறக்கப்பட்ட சட்டமன்ற வேட்பாளர்களைத் தேடுவது எப்படி?



இரண்டு ஆண்டுகளுக்கு முன் உயர்நிலை மூன்றில் படித்த ஒரு மாணவி வகுப்புக்கு ஒரு பழைய காகிதத்தைக் கொண்டுவந்தாள். மடிப்புகளில் கிழிந்த ஒரு தேர்தல் துண்டறிக்கை. அவளுடைய பாட்டி அதைப் பிஸ்கட் டின்னுக்குள் பல ஆண்டுகளாகப் பத்திரமாக வைத்திருந்தாராம். அதில் இருந்தவர் பாட்டியின் பெரியப்பா. "டீச்சர், இவரு சட்டமன்றத் தேர்தல்ல நின்னாராம். கொஞ்ச ஓட்டுலதான் தோத்தாருன்னு பாட்டி சொல்றாங்க. கூகிள்ல தேடினேன், ஒண்ணுமே வரலை. உண்மையாவே நின்னாரா?"

நல்ல கேள்வி. அதற்கு விடை தேடப் போனபோது அவளோடு நானும் நிறையக் கற்றுக்கொண்டேன். அந்தத் தேடலின் வழிமுறையைத்தான் இந்தக் கட்டுரையில் உங்களோடு பகிர்கிறேன். மாணவி யார், வேட்பாளர் யார் என்பதை அந்தக் குடும்பத்துக்காகச் சொல்லாமல் விடுகிறேன். வழிமுறை எல்லாருக்கும் பொது.

முதலில் ஒரு கணக்கு

நம் பாடநூல்களில் தேர்தல் என்றால் வென்றவர்களின் கதை. 1955-இல் டேவிட் மார்ஷல் சிங்கப்பூரின் முதல் முதலமைச்சரானார். 1959-இல் மக்கள் செயல் கட்சி 51 இடங்களில் 43-ஐ வென்றது. இது நமக்குத் தெரியும், தேர்விலும் எழுதுவோம். தோற்றவர்கள் எத்தனை பேர் என்று என்றாவது கணக்குப் போட்டிருக்கிறோமா?

1955-இல் 25 இடங்களுக்கு 79 பேர் போட்டியிட்டனர். 1959-இல் 51 இடங்களுக்கு 194 பேர். சிங்கப்பூர் மலேசியாவின் ஒரு மாநிலமாக இணைந்த சில நாள்களில், 1963 செப்டம்பரில் நடந்த தேர்தலில் அதே 51 இடங்களுக்கு 210 பேர். கழித்துப் பாருங்க: 54, 143, 159. மொத்தம் 356.

அப்படியானால் 356 பேர் தோற்றார்கள் என்று எழுதலாமா? கூடாது! ஒரே ஆள் இரண்டு தேர்தலிலும் மூன்று தேர்தலிலும் நின்று தோற்றிருக்கலாம். ஒன்றில் தோற்றவர் அடுத்ததில் வென்றிருக்கலாம். ஆகவே 356 என்பது தோல்விகளின் எண்ணிக்கை, ஆள்களின் எண்ணிக்கை அல்ல. சின்ன வேறுபாடுதான். ஆனால் ஆதாரக் கேள்விகளில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஓர் எண் எதை எண்ணுகிறது என்று கேட்காமல் அதைப் பயன்படுத்தாதீர்கள்.

யாருக்கு ஓட்டு இருந்தது?

வேட்பாளரைத் தேடுமுன் அவர் யாரிடம் ஓட்டுக் கேட்டார் என்று தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிடைக்கும் எண்களுக்குப் பொருளே இராது.

சிங்கப்பூரின் முதல் தேர்தல் 1948 மார்ச் 20-இல் நடந்தது. அப்போது இருந்தது லெஜிஸ்லேட்டிவ் கவுன்சில். அதைப் பழைய வழக்கப்படி சட்டசபை என்றும், 1955-இல் வந்ததைச் சட்டமன்றம் என்றும் இந்தக் கட்டுரையில் குறிப்பிடுகிறேன். சட்டசபையில் இருந்த 22 இடங்களில் 6 மட்டுமே தேர்தலுக்கு விடப்பட்டன. பிரிட்டிஷ் குடிகளுக்கு மட்டும் ஓட்டு. அவர்களும் தாங்களாக முன்வந்து பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்தவர்கள் சுமார் 22,000 பேர்தான்.

அந்த 22,000 பேரில் இந்தியர்களின் பங்கு, மக்கள்தொகையில் அவர்களுக்கு இருந்த பங்கைவிட மிக அதிகம். ஏன்? பிரிட்டிஷ் இந்தியாவில் பிறந்த ஒருவர் பிரிட்டிஷ் குடி. சீனாவில் பிறந்து இங்கு வந்தவர் அப்படி அல்லர். எத்தனை ஆண்டு இங்கே உழைத்திருந்தாலும் அவர் பெயர் பட்டியலில் வராது. ஆகவே அந்தக் காலத் தேர்தல்களில் இந்தியப் பெயர்கள் நிறைய வருவதைப் பார்த்து, "நம்மவங்களுக்குத்தான் அரசியல் ஆர்வம் அதிகம்" என்று உடனே பெருமைப்பட்டுவிடக் கூடாது. ஆர்வமும் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் சட்டம் யாருக்குக் கதவைத் திறந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1951-இல் சட்டசபைக்கு 9 இடங்களுக்குத் தேர்தல். வாக்காளர் எண்ணிக்கை சுமார் 48,000. பிறகு சர் ஜார்ஜ் ரெண்டல் தலைமையிலான ஆணையம் 1954-இல் பரிந்துரைகளைத் தந்தது. பதிவு தானாகவே செய்யப்பட்டது. 32 இடங்கள் கொண்ட சட்டமன்றத்தில் 25 இடங்களுக்குத் தேர்தல் நடந்தது. வாக்காளர்கள் ஏறத்தாழ 300,000 பேர் ஆனார்கள். 1959-இல் வாக்களிப்பது கட்டாயமானது.

இதனால் என்ன தெரிகிறது? 1948-இல் 1,000 ஓட்டு வாங்கியவரையும் 1959-இல் 1,000 ஓட்டு வாங்கியவரையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது.

படி 1: ஆண்டைக் கண்டுபிடியுங்கள்

எங்கள் துண்டறிக்கையில் தேதியும் கிழமையும் இருந்தன, ஆண்டு இல்லை. பழைய துண்டறிக்கைகளில் இது சகஜம். அடுத்த வாரம் நடக்கிற தேர்தலுக்கு யார் ஆண்டு போடுவார்கள்?

ஆனால் தேதி போதும். ஏப்ரல் 2 என்றால் 1955. மே 30 என்றால் 1959. செப்டம்பர் 21 என்றால் 1963. மூன்றுமே சனிக்கிழமைகள். துண்டறிக்கையில் சனிக்கிழமை என்று அச்சாகியிருந்தால் தேதியும் கிழமையும் பொருந்துகின்றனவா என்று சரிபார்த்துக்கொள்ளலாம். பத்து நிமிட வேலை. இப்படி ஒரு காகிதத்தின் காலத்தை அதன் உள்ளடக்கத்தைக் கொண்டே நிறுவுவதைத்தான் வரலாற்று ஆசிரியர்கள் அகச்சான்று என்கிறார்கள்.

படி 2: முடிவுப் பட்டியலைக் கணக்குப் போட்டுப் படியுங்கள்

ஆண்டு தெரிந்துவிட்டால் தேர்தல் முடிவுகளைத் தேடலாம். அரசிதழிலும் நாளிதழ்களிலும் தொகுதிவாரியாக வேட்பாளர் பெயர், கட்சி, வாங்கிய ஓட்டு ஆகியவை வெளியாயின. பலர் பெயரைக் கண்டதும் மகிழ்ந்து நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள், கணக்குப் போடுங்கள்.

ஒரு புகழ்பெற்ற தொகுதியையே எடுத்துக்கொள்வோம். 1955, தஞ்சோங் பகார். மக்கள் செயல் கட்சியின் லீ குவான் இயூ வாங்கியது 6,029 ஓட்டு. ஜனநாயகக் கட்சி வேட்பாளர் 908, முற்போக்குக் கட்சி வேட்பாளர் 780. முதல் வரி எல்லாருக்கும் தெரியும். அடுத்த இரண்டு வரிகளை யாராவது படிக்கிறோமா?

அந்தத் தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளரும் 500 வெள்ளி வைப்புத்தொகை கட்ட வேண்டும். பதிவான ஓட்டுகளில் எட்டில் ஒரு பங்கு கிடைக்காவிட்டால் அது அரசாங்கத்துக்குப் போய்விடும். இப்போது கூட்டுவோம்: 6,029 + 908 + 780 = 7,717. எட்டால் வகுத்தால் 964-க்குச் சற்று மேல். 908-உம் போதாது, 780-உம் போதாது. இருவருமே வைப்புத்தொகையை இழந்தார்கள்.

"வைப்புத்தொகையை இழந்தார்" என்ற சொல் அந்தப் பட்டியலில் இல்லாவிட்டாலும், எண்களே அதைச் சொல்லிவிடுகின்றன. அந்தக் காலத்தில் 500 வெள்ளி என்பது ஒரு தொழிலாளியின் பல மாத ஊதியம். கட்சி கட்டியதா, சொந்தப் பணமா, நண்பர்கள் திரட்டித் தந்ததா என்பது அடுத்த கேள்வி. சுயேச்சையாக நின்ற ஒருவரைப் பற்றி எழுதும்போது இந்தக் கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். ஒரு மனிதர் தன் நம்பிக்கைக்கு என்ன விலை கொடுக்கத் தயாராக இருந்தார் என்பது அதில் தெரியும்.

படி 3: நாளிதழ்களில் தேடுங்கள், ஆனால் அந்தக் காலத்துச் சொற்களோடு

தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் பழைய நாளிதழ்கள் மின்வடிவில் இருக்கின்றன. ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ், ஃப்ரீ பிரஸ் போன்ற ஆங்கில நாளிதழ்களோடு தமிழ் முரசும் உண்டு. சில இதழ்களை நூலகக் கணினிகளில் மட்டுமே படிக்க முடியும். மாணவர்களை ஒரு நாள் நூலகத்துக்கே அழைத்துப் போங்கள், நேரம் வீணாகாது.

மலேசிய நண்பர்களுக்கும் இது பயன்படும். அந்தக் காலத்தில் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் மலாயா முழுவதும் விற்ற நாளிதழ். 1959-இல் மலாயாவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறு வேறு நாளில் நடந்த சட்டமன்றத் தேர்தல்களையும், 1964 ஏப்ரல் 25-இல் நடந்த தேர்தலையும் அதில் தேடலாம். மாநில அளவில் நின்று தோற்ற ஒருவரின் பெயர் தலைநகரத்து வரலாற்று நூல்களில் வராமல் போகலாம். ஊர்ச் செய்திப் பத்தியில் அவர் வேட்புமனு கொடுத்த செய்தி நான்கு வரியில் கிடக்கும்.

தேடும்போது வரும் சிக்கல்களையும், நாங்கள் சமாளித்த விதத்தையும் சொல்கிறேன்.

ஒன்று, கிழமை. தேர்தல் சனிக்கிழமை நடந்தது என்றால் முடிவுகள் ஞாயிற்றுக்கிழமை இதழில் வரும். ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸின் ஞாயிறு பதிப்பு சண்டே டைம்ஸ் என்ற தனிப் பெயரில் வெளிவந்தது. அந்த ஞாயிறு இதழையும் மறக்காமல் தேடுங்கள். நாங்கள் இதை உணர ஒரு வாரம் ஆனது!

இரண்டு, பெயரின் எழுத்துக்கூட்டல். நம் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதுவதற்கு அன்றைக்கு ஒரே முறை கிடையாது. கோவிந்தசாமி என்பதை ஜி-யில் தொடங்குவார் ஒருவர், கே-யில் தொடங்குவார் இன்னொருவர். சாமி என்பதில் டபிள்யூ இருக்கும், இருக்காது. எஸ்/ஓ போட்டுத் தந்தைபெயர் சேரும், மலேசியப் பதிவில் ஏ/எல் என்று சேரும், சில இடங்களில் தலைப்பெழுத்தாகச் சுருங்கிவிடும். அந்தத் தலைப்பெழுத்தும் மொழிக்கு மொழி மாறும். தமிழ் முரசை 1935-இல் தொடங்கியவரைத் தமிழில் கோ. சாரங்கபாணி என்கிறோம், ஆங்கிலத்தில் ஜி. சாரங்கபாணி. அவ்வளவு பெரிய மனிதருக்கே இப்படி என்றால், ஒருமுறை நின்று தோற்றவருக்கு எப்படி இருக்கும்? ஆகவே தேடத் தொடங்குமுன் ஒரு தாளில் அந்தப் பெயருக்குச் சாத்தியமான எல்லா எழுத்துக்கூட்டல்களையும் எழுதி வெச்சுக்கங்க. ஒவ்வொன்றாகத் தேடி, தேடியதை அடித்துவிடுங்கள்.

மூன்று, பெண்களின் பெயர். 1949-இல் நகராண்மைக் கழகத் தேர்தலில் வென்று, சிங்கப்பூரில் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண்மணி ஆனவர் ஃபிலிஸ் இயூ. அன்றைய செய்திகளில் அவரைத் திருமதி ராபர்ட் இயூ என்றும் எழுதினார்கள். ராபர்ட் என்பது கணவர் பெயர்! ஃபிலிஸ் என்று மட்டும் தேடினால் பாதிச் செய்திகள் தப்பிப்போகும். சட்டசபைக்கு 1951-இல் சிலேத்தார் தொகுதியில் சுயேச்சையாக நின்று வென்ற விலாசினி மேனனின் பெயராவது அவருடைய சொந்தப் பெயராகப் பதிவானது. தோற்ற பெண் வேட்பாளர்களைத் தேடும்போது கணவர் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள்.

நான்கு, தொகுதியின் பெயர். 1955-இல் 25 தொகுதிகள், 1959-இல் 51. எண்ணிக்கை இரட்டிப்பானால் எல்லைகள் மாறாமல் இருக்குமா? ஒரே பெயர் இரண்டு தேர்தலிலும் வந்தாலும் அது அதே வட்டாரம் என்று நம்பிவிடாதீர்கள். அந்தந்த ஆண்டின் தொகுதி வரைபடத்தைப் பாருங்கள்.

தமிழ் நாளிதழைப் படிக்க ஒரு சிறு அகராதி

தமிழ் இதழ்களில் தேடும்போது எங்கள் மாணவி "வேட்பாளர்" என்று தேடினாள். கிடைக்கவில்லை. காரணம் எளிது. அந்தக் காலத் தமிழ் இதழ்களில் வேட்பாளரை "அபேட்சகர்" என்று எழுதுவது பரவலாக இருந்தது. கூட்டத் தலைவர் "அக்கிராசனர்". செயலாளர் "காரியதரிசி". மாநாடு "மகாநாடு". வாக்கு என்பதைவிட "ஓட்டு" அதிகம். பிறகு தனித்தமிழ் உணர்வு பரவப் பரவச் சொற்கள் மாறின. ஆண்டைப் பொறுத்து இரண்டு வகையும் கலந்து வரும்.

எழுத்து வடிவமும் வேறு. சீர்திருத்தத்துக்கு முந்தைய லை, னை, ணா, றா வடிவங்களை இன்றைய பிள்ளைகள் பார்த்ததே இல்லை. கணினியின் தேடுபொறியும் பழைய அச்சில் தடுமாறும். ஆகவே தமிழ் இதழ்களில் தேடுபொறியை மட்டும் நம்பாதீர்கள். தேர்தலுக்கு முந்தைய ஒரு மாத இதழ்களை நாள்வாரியாகக் கண்ணாலேயே புரட்டுங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் தொழிற்சங்கக் கூட்டம், வாசகர் கடிதம், நன்றி அறிவிப்பு என்று தேடாத இடத்தில்தான் ஆள் அகப்படுவார். என் மாணவிக்கு அகப்பட்டதும் அப்படித்தான்.

ஆசிரியர்களே, இது வரலாற்றுப் பாடம் மட்டும் இல்லை, மொழிப் பாடமும்கூட. அபேட்சகர் வேட்பாளர் ஆன கதையைச் சொல்லித் தர இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்குமா?

படி 4: தேர்தலுக்குப் பின் என்ன ஆனார்?

தோல்விப் பட்டியலில் இருக்கும் பெயர் அங்கேயே முடிந்துவிடுவதில்லை. 1955-இல் மக்கள் செயல் கட்சி நான்கு பேரை நிறுத்தியது. மூவர் வென்றனர். தோற்ற ஒருவர் ஃபேரர் பார்க் தொகுதியில் நின்றவர். அந்த ஒரு பட்டியலை மட்டும் வைத்து அவரைப் பற்றி எழுதினால் "தோற்ற வேட்பாளர்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவோம். அவர் பெயர் சி.வி. தேவன் நாயர். 1956-இல் தடுப்புக் காவலில் வைக்கப்பட்டார், 1959-இல் விடுதலையானார். 1964-இல் மலாயாவில் பங்சார் நாடாளுமன்றத் தொகுதியை வென்றார். தீபகற்பத்தில் அந்தக் கட்சிக்குக் கிடைத்த ஒரே இடம் அது. 1981-இல் சிங்கப்பூரின் அதிபரானார்.

அதே ஃபேரர் பார்க் என்ற பெயருடைய தொகுதியில் 1959-இல் வென்றவர் ஏ.பி. ராஜா. கட்சி அலை வீசிய அந்தத் தேர்தலில் வென்ற ஒரே சுயேச்சை அவர்தான். பிற்பாடு சட்டமன்ற நாயகராகவும் இருந்தார்.

இவர்கள் பெரிய பெயர்கள், தேடினால் உடனே கிடைப்பார்கள். ஒரு தேர்தலில் நின்று, தோற்று, பிறகு கடைக்கோ அலுவலகத்துக்கோ திரும்பிப் போனவர்களைத் தேடத் தனி வழி வேண்டும். தொழிற்சங்கச் செய்திகள், கோயில் நிர்வாகக் குழு, பள்ளி மேலாண்மைக் குழு, இரங்கல் அறிவிப்புகள் ஆகியவற்றைப் பாருங்கள். தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979 முதல் நேர்காணல்களைப் பதிவு செய்து வருகிறது. தமிழ் நேர்காணல்களும் உண்டு. நீங்கள் தேடும் ஆளை நேர்காணல் செய்திருக்க மாட்டார்கள். ஆனால் அவரோடு மேடையில் நின்ற ஒருவரைச் செய்திருக்கலாம். அவர் காலத்தைப் பற்றி, அந்த வட்டாரத்தைப் பற்றிப் பேசியதைக் கேளுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பெயர் ஒன்றாக இருப்பதாலேயே ஆளும் ஒன்று என்று முடிவு கட்டாதீர்கள். கே. முத்துசாமி என்று நாளிதழில் தேடினால் எத்தனை முத்துசாமிகள் வருவார்கள், யோசித்துப் பாருங்க. பெயரோடு இன்னும் இரண்டு விவரங்களாவது பொருந்த வேண்டும் என்று நாங்கள் ஒரு விதி வைத்துக்கொண்டோம். தொழில், வட்டாரம், சங்கம், வயது ஆகியவற்றில் ஏதேனும் இரண்டு. பொருந்தாவிட்டால் அந்தச் செய்தியைத் தனிக் கோப்பில் போட்டு "உறுதியில்லை" என்று எழுதி வைத்தோம். கடைசியில் அந்தக் கோப்புதான் தடிமனாக இருந்தது!

பாட்டியிடம் என்ன சொல்வது?

இப்போது அந்தத் துண்டறிக்கைக்கு வருவோம்.

அவர் உண்மையாகவே நின்றிருந்தார். தொகுதி கிடைத்தது, முடிவும் கிடைத்தது. ஆனால் "கொஞ்ச ஓட்டுலதான் தோத்தாரு" என்பது சரியில்லை. வென்றவருக்கும் அவருக்கும் இடையே ஆயிரக்கணக்கில் இடைவெளி. வைப்புத்தொகையும் போயிருந்தது. மாணவியின் முகம் வாடிவிட்டது. "பாட்டிகிட்ட இதை எப்படி டீச்சர் சொல்றது? விட்டுடலாமா?"

எனக்கும் ஒரு கணம் விட்டுவிடலாம் என்றுதான் தோன்றியது. ஒரு பாட்டியின் பெருமையைக் கலைத்து நமக்கு என்ன ஆகப்போகிறது? ஆனால் அப்படி விட்டால் ஒன்றை ஒத்துக்கொள்கிறோம் என்று பொருள். வென்றால்தான், அல்லது வெற்றிக்குக் கிட்ட வந்தால்தான், ஒருவர் நினைக்கப்படத் தகுதியானவர் என்று. நாம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியது அதுவா?

மறுபடியும் கணக்கைப் போட்டோம். எட்டில் ஒரு பங்கு எவ்வளவு, அவர் வாங்கியது எவ்வளவு? வித்தியாசம் இருபது ஓட்டுக்கும் குறைவு! மாணவி எழுந்தே நின்றுவிட்டாள். "டீச்சர், கொஞ்ச ஓட்டுல போனது தேர்தல் இல்ல, பணம்!"

அப்படி இருக்கலாம். வீட்டில் அன்று பேசப்பட்டது "இன்னும் கொஞ்ச ஓட்டு விழுந்திருந்தால் கட்டின பணமாவது திரும்பியிருக்கும்" என்பதாக இருந்திருக்கலாம். பேச்சு வாய்மாறி வாய்மாறி, பணம் கழன்று, "கொஞ்ச ஓட்டு" மட்டும் தங்கியிருக்கலாம். எத்தனை "இருக்கலாம்" பார்த்தீர்களா? இது எங்கள் ஊகம். நிரூபிக்க எங்களிடம் ஒன்றும் இல்லை. ஆகவே அவளுடைய கட்டுரையில் மூன்று பகுதி பிரித்து எழுதச் சொன்னேன். பதிவு சொல்வது, குடும்பம் சொல்வது, நான் ஊகிப்பது. ஒன்றை இன்னொன்றில் கலக்காமல் எழுதினாள்.

இன்னொன்றும் கிடைத்தது. தேர்தலுக்குச் சில நாள் முன் வந்த தமிழ்ச் செய்தி ஒன்றில், ஒரு கூட்டத்தில் அவர் பேசியதன் சுருக்கம் நான்கைந்து வரியில் வந்திருந்தது. தொழிலாளர் குடியிருப்புகளின் தண்ணீர்க் குழாய்களைப் பற்றிப் பேசியிருந்தார். அதை அச்செடுத்துப் பாட்டியிடம் மாணவி படித்துக் காட்டினாளாம். ஓட்டுக் கணக்கையும் சொன்னாளாம். பாட்டி கணக்கைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "குழாயப் பத்தியா பேசினாரு? அந்தக் குழாய்லதான் நாங்க வரிசையில நிப்போம்" என்றாராம். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் அந்தக் குடியிருப்பைப் பற்றிப் பேசினாராம். அதையும் பதிவு செய்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

எழுதக் கூடாதவை

பொதுப் பதிவில் இருப்பதெல்லாம் கட்டுரைக்கு உரியது அல்ல. பழைய பதிவுகளில் வேட்பாளரின் வீட்டு முகவரி இருக்கும். நாளிதழில் குடும்ப வழக்கு, கடன் வழக்கு பற்றிய செய்தியும் கண்ணில் படலாம். அவருடைய பொது வாழ்வை விளக்க அது தேவையா என்று கேளுங்கள். தேவையில்லை என்றால் விடுங்கள். அவர் மறைந்திருக்கலாம், பேரப்பிள்ளைகள் உங்கள் பக்கத்து வகுப்பிலேயே இருக்கலாம். மாணவர்களின் கட்டுரையை இணையத்தில் ஏற்றுமுன் குடும்பத்தாரிடம் ஒரு வார்த்தை கேட்பது மரியாதை.

அதேபோல் பதிவு இல்லாத இடத்தை அலங்காரத்தால் நிரப்பாதீர்கள். "அஞ்சாநெஞ்சர்", "மக்கள் தொண்டர்" என்றெல்லாம் எழுதத் தோன்றும். துண்டறிக்கை அப்படித்தான் எழுதும், அது விளம்பரம். நாம் எழுதுவது வரலாறு.

வகுப்பில் செய்து பாருங்கள்

ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி. மூன்று பாடவேளை போதும்.

முதல் பாடவேளை: மாணவர்களை நால்வர் குழுக்களாகப் பிரியுங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் 1955, 1959, 1963 தேர்தல்களில் ஒரு தொகுதியைக் கொடுங்கள். மலேசியப் பள்ளிகளில் உங்கள் மாநிலத்தின் 1959 அல்லது 1964 சட்டமன்றத் தொகுதி ஒன்று. முடிவுப் பட்டியலைக் கண்டெடுத்து, எட்டில் ஒரு பங்கு விதிப்படி கணக்குப் போடச் சொல்லுங்கள். மலேசியக் குழுக்கள் தங்கள் தேர்தலுக்கு அன்று என்ன விதி இருந்தது என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இரண்டாம் பாடவேளை: தோற்ற ஒரு வேட்பாளரைத் தேர்ந்தெடுத்து, பெயரின் எழுத்துக்கூட்டல் பட்டியலைத் தயாரித்து, ஆங்கில நாளிதழில் ஒன்று, தமிழ் நாளிதழில் ஒன்று என இரண்டு செய்திகளாவது தேட வேண்டும். இரண்டும் அவரைப் பற்றி ஒரே மாதிரி சொல்கின்றனவா? எதில் எதை விட்டிருக்கிறார்கள்?

மூன்றாம் பாடவேளை: 150 சொற்களில் ஒரு வாழ்க்கைக் குறிப்பு. பதிவு சொல்வது ஒரு பத்தி, ஊகம் ஒரு பத்தி. ஊகப் பத்தியில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் காரணம் காட்ட வேண்டும்.

தேர்வு எழுதும் மாணவர்களுக்கு இதனால் என்ன லாபம்? ஆதாரக் கேள்வியில் "இந்த ஆதாரம் நம்பகமானதா?" என்று கேட்டால், "ஆம், ஏனென்றால் இது நாளிதழ்" என்று எழுதுகிறவர்கள் நிறைய. இந்தப் பயிற்சியைச் செய்தவர்கள் அப்படி எழுத மாட்டார்கள். யார் எழுதியது, எப்போது, எதற்காக, எந்த ஆதாரத்தோடு பொருந்துகிறது, எதோடு முரண்படுகிறது என்று அவர்களுக்குத் தானாகவே கேட்க வரும்.

கடைசியாக ஒன்று. அந்த 54, 143, 159 தோல்விகளில் ஒவ்வொன்றுக்கும் பின்னால் வேட்புமனுவில் கையெழுத்துப் போட்டு, பணம் கட்டி, மேடையேறி, தன் பெயரைப் பொதுவில் வைத்த ஒருவர் இருக்கிறார். அவர்கள் இல்லாமல் அது தேர்தலே அல்ல. எதிர்த்து நிற்க ஆளில்லாத இடத்தில் ஓட்டுக்கு என்ன வேலை?

உங்கள் வீட்டிலும் ஒரு பிஸ்கட் டின் இருக்கலாம். இந்த விடுமுறையில் பாட்டி தாத்தாவிடம் கேட்டுப் பாருங்கள். ஏதாவது கிடைத்தால் உங்கள் ஆசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஆசிரியர்களே, பிள்ளை கொண்டுவரும் காகிதத்தை "பாடத்துல இது இல்லப்பா" என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.